பதினெட்டு வயதில் பயிற்றுநர் கூட வரமாட்டார்

செப்டெம்பர் மாதக் கடைசியில் இல்ஃபோர்ட்டிலிருந்து எமது பிள்ளைகள் பலர் பல்கலைக்கழகத்துக்குப் புறப்படுகிறார்கள். அரிசிக் குக்கர், மிளகாய்த்தூள், புதுப் போர்வை எல்லாம் காரில் ஏறும். விளையாடுகிற பிள்ளையென்றால் துடுப்பும் சப்பாத்தும் ஏறும். ஆனால் இதுவரை அந்தப் பிள்ளையின் உடம்பைக் கவனித்து வந்த அம்மாவும் உடற்பயிற்சி ஆசிரியரும் கழகப் பயிற்றுநரும் இங்கேயே நின்றுவிடுவார்கள். அந்தப் பொறுப்பைப் பிள்ளையிடம் முறையாகக் கையளித்திருக்கிறோமா? இதைப் பெற்றோர் சற்று யோசிக்க வேண்டும்.

பாடசாலை நிறையவே செய்கிறது. பயிற்சிக்கு நேரம் குறிக்கிறது, போட்டிக்கு அழைத்துச் செல்கிறது, காயம் பட்டால் முதலுதவி தருகிறது. ஆனால் எல்லாவற்றையும் பிள்ளைக்காக வேறொருவரே செய்கிறார். அத்துடன், இந்நாட்டில் உடற்கல்வி 16 வயது வரைதான் கட்டாயப் பாடம். ஏ லெவல் படிக்கும் இரண்டு ஆண்டுகளில் விளையாடுவதும் விடுவதும் பிள்ளையின் விருப்பம். பல்கலைக்கழக வாழ்க்கைக்குப் பழக வேண்டிய காலம் இதுதான். எமது வீடுகளில் பெரும்பாலும் இந்தக் காலம் ரியூசனுக்கே போய்விடுகிறது.

ஊரில் நாம் அப்படி வளரவில்லை. இல்ல விளையாட்டுப் போட்டிக்கு ஊரே திரண்டு வரும். யாழ் மத்திய கல்லூரியும் சென் ஜோன்ஸ் கல்லூரியும் 1904 முதல் மோதிவரும் "வடக்கின் பெருஞ்சமர்" பற்றி இன்றும் இங்கே பெருமையாகப் பேசுகிறோம். அதே நாம்தான் பிள்ளை பத்தாம் ஆண்டுக்கு வந்ததும் "முதலில் படிப்பு, விளையாட்டைப் பிறகு பார்க்கலாம்" என்கிறோம். பெண் பிள்ளைகளுக்கு இன்னும் முன்னதாகவே சொல்லிவிடுகிறோம்.

இரண்டும் சேர்ந்து போகும் என்பதற்கு எமது ஊரிலேயே உதாரணம் உண்டு. நாசர் ஹுசைன் 1968இல் சென்னையில் பிறந்தவர். அவருடைய தந்தை நடத்திய இல்ஃபோர்ட் உள்ளரங்கத் துடுப்பாட்டப் பள்ளியில் பயின்றவர். சிறுவயதில் அவர் சுழற்பந்து வீச்சாளர். வளரும் வயதில் உயரம் கூடியபோது பந்துவீச்சு கையை விட்டுப் போனது. விளையாட்டை விடாமல் துடுப்பாட்டத்துக்கு மாறினார். டர்ஹம் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். 1990இல் இங்கிலாந்து டெஸ்ட் அணியில் இடம்பிடித்து, 1999 முதல் 2003 வரை அதன் தலைவராக இருந்தார். சென்னையின் அஸ்வினும் பொறியியல் கல்லூரியில் படித்தவரே. எல்லாப் பிள்ளைகளும் இவர்களைப் போல வரப்போவதில்லை. ஆனால் உடம்பு மாறும்போது தானும் மாறத் தெரிவது எல்லாப் பிள்ளைகளுக்கும் தேவை.

மறுபக்கமும் உண்டு. விளையாட்டில் ஊக்கமுள்ள பெற்றோர் சிலர் எல்லாவற்றையும் தாங்களே செய்து கொடுக்கிறார்கள். எழுப்பிவிடுவது, பை அடுக்குவது, பயிற்றுநரிடம் பேசுவது, வலி என்றால் வைத்தியரிடம் சொல்வது எல்லாம் அவர்களே. இதுவும் பிள்ளையைத் தயார்ப்படுத்தாது. பன்னிரண்டாம், பதின்மூன்றாம் ஆண்டுகளில் பின்வருவனவற்றை ஒவ்வொன்றாகப் பிள்ளையின் கையில் கொடுங்கள்.

உறக்கம்: பதின்ம வயதினருக்கு இரவில் 8 முதல் 10 மணி நேர உறக்கம் வேண்டும். காலையில் நீங்கள் எழுப்பாமல் பயிற்சிக்கு எழுந்து போகப் பழக்குங்கள்.

உணவு: புட்டும் இடியப்பமும் அவிக்கத் தெரியாவிட்டாலும் பருப்பு, முட்டை, கீரை, சோறு சமைக்கத் தெரிந்தால் போதும். எமது நிறத்தவர்களுக்கு இந்நாட்டு வெயில் போதாது. நாளுக்கு 10 மைக்ரோகிராம் விற்றமின் டி ஆண்டு முழுவதும் எடுப்பது பற்றி யோசிக்கும்படி சுகாதாரத்துறை சொல்கிறது.

காயம்: வேகப்பந்து வீசும் பிள்ளைக்குத் தொடர்ந்து இடுப்பு முதுகு வலித்தால் தைலம் பூசி அனுப்பாதீர்கள். முள்ளந்தண்டு எலும்பில் நுண்ணிய வெடிப்பு இருக்கலாம். கடும் பயிற்சி செய்து போதிய அளவு சாப்பிடாத பெண் பிள்ளைக்கு மாதவிடாய் நின்றுபோகலாம், எலும்பும் பலவீனமாகும். தொடர்ந்து மூன்று முறை வராவிட்டால் வைத்தியரைப் பார்க்க வேண்டும். இதை வெட்கப்பட்டு மறைக்கக் கூடாது என்று தாய்மார் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

வைத்தியர்: போன முதல் வாரத்திலேயே அங்குள்ள குடும்ப வைத்தியரிடம் பதிவு செய்யச் சொல்லுங்கள். மூளைக்காய்ச்சலுக்கு எதிரான மென் ஏசிடபிள்யூவை தடுப்பூசியைப் பாடசாலையில் தவறவிட்டவர்கள் 25ஆவது பிறந்தநாளுக்கு முன்னர் இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம்.

மது: பல்கலைக்கழகப் போட்டிகள் பெரும்பாலும் புதன் பிற்பகலில் நடக்கும். அன்றிரவு அணியோடு சேர்ந்து குடிக்கும் வழக்கம் பல கழகங்களில் உண்டு. "எங்கட பிள்ளை அப்படியில்லை" என்று இருந்துவிடாமல், குடிக்காமலும் அணியில் ஒருவராக இருக்கலாம் என்று வீட்டிலேயே மனம்விட்டுப் பேசுங்கள். பேசிப் பழகிய பிள்ளைதான் பிரச்சினை வரும்போது தொலைபேசி எடுக்கும்.

கையளிக்கும்போது தவறுகள் நடக்கும். ஒரு நாள் பயிற்சிக்குப் பிந்திப் போகும், சப்பாத்தை மறந்துவிட்டுப் போகும். போகட்டும். பதினேழு வயதில் இல்ஃபோர்ட்டில் விடும் பிழையைத் திருத்த நாம் பக்கத்தில் இருக்கிறோம். பத்தொன்பது வயதில் இருநூறு மைல் தொலைவில் அறைக்குள் காய்ச்சலோடு தனியே கிடக்கும்போது யார் இருப்பார்கள்?

இவ்வருடம் பன்னிரண்டாம் ஆண்டுக்குப் போகும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், ரியூசன் அட்டவணை போடும்போது விளையாட்டுக்கும் உறக்கத்துக்கும் இடம் விடுங்கள். அந்த அட்டவணையைப் பிள்ளையே எழுதட்டும்.