ரோஸிக்கு உங்களைத் தெரியாது

மறைமலை நகரில் நான் குடியிருக்கும் அடுக்குமாடியில் இரண்டாவது மாடிப் பையன் ஒரு சிலந்தி வளர்க்கிறான். நம் வீட்டுப் பரணில் தானாக வளர்கிறதே, அது இல்லை. உள்ளங்கை அகலம், உடம்பெல்லாம் ரோமம், டாரன்டுலா. பூர்வீகம் சிலி. கண்ணாடித் தொட்டிக்குள் தேங்காய் நார்த்தூள் மெத்தை, உடைந்த பூந்தொட்டியில் ஒரு குகை, மூடி அளவுக்குத் தண்ணீர்க் கிண்ணம். பெயர் ரோஸி. (தனித்தமிழ் இயக்கம் கண்ட மறைமலை அடிகள் பெயரிலுள்ள ஊரில் உட்கார்ந்துகொண்டு 'டாரன்டுலா' என்று எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. நல்ல தமிழ்ப் பெயர் தெரிந்தவர்கள் எழுதிப் போடுங்கள்.)

"அங்கிள், மூணு வாரமா இவ சாப்பிடலை. நான் ஒரு கல்யாணத்துக்குக் கோயமுத்தூர் போயிட்டேன்ல, அந்தக் கோபம். மத்தவங்க வந்தா பின்னங்காலால முடியை உதைச்சு விடுவா. எங்கிட்ட மாட்டா. என்னைத் தெரியும் இவளுக்கு."

அவன் அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார். இந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் முப்பது வருஷம் லேத்தில் நின்றவர். "பூச்சிக்கு ஏது சார் கோபம்? பசிச்சா புடிக்கும், தொட்டா குதிக்கும். சுவிட்ச் மாதிரி."

இரண்டு பேர் சொன்னதும் தப்பு. ஆனால் பையனின் தப்பு கொஞ்சம் ஆபத்தானது.

முதலில் அப்பா. "ஒரே வருஷம் வாங்கின ரெண்டு லேத் ஒரே மாதிரியா சார் ஓடிச்சு?" என்று கேட்டேன். "அது வேற சார்" என்றார். வேறில்லை. விலங்கியல்காரர்கள் தனிக்குணம் என்று சொல்வதில் மர்மம் எதுவும் கிடையாது. ஒரே இனம், ஒரே பால், ஒரே வயது, ஒரே பசி. அப்படியும் ஒன்று துணிந்து வருகிறது, இன்னொன்று பதுங்குகிறது. பத்து நாள் கழித்துப் பார்த்தாலும் அதே துணிச்சல், அதே பதுங்கல். அதுதான் குணம். இது சிலந்திகளில் இருக்கிறது. அமெரிக்காவில் நீர்நிலை ஓரம் வாழும் மீன்பிடிச் சிலந்திகளைப் பற்றிச் சாட்விக் ஜான்சனும் ஆண்ட்ரூ ஸியும் 2005ல் எழுதினார்கள். சின்ன வயதிலேயே இரை என்றால் பாய்ந்து விழும் பெண், பெரியவளானதும் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையையும் கல்யாணத்துக்கு முன்பே சாப்பிட்டுவிடுகிறாள். சுவிட்ச் என்றால் எல்லாப் பெண்ணும் அல்லவா சாப்பிட வேண்டும்?

அவ்வளவு தூரம் போவானேன். ஜோலார்பேட்டை தாண்டி பெங்களூர் போகிற வழியில் குப்பம் வரும். அங்கே முட்புதர்களில் நூற்றுக்கணக்கில் கூட்டுக் குடும்பமாக வாழும் சிலந்திகள் உண்டு. லீனா க்ரின்ஸ்டெட்டும் கூட்டாளிகளும் அவற்றின் மேல் புஸ் என்று காற்று அடித்து, சுருண்ட சிலந்தி மறுபடி நகர எத்தனை நேரம் ஆகிறது என்று கணக்கெடுத்தார்கள். சீக்கிரம் எழுந்த தைரியசாலிகள்தான் வலையில் இரை விழுந்தால் முதலில் ஓடினார்கள். கட்டுரை 2013ல் வந்தது.

இங்கே ஒரு சங்கடத்தையும் சொல்லியாக வேண்டும். அந்தக் கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவர் ஜொனாதன் ப்ரூயிட். சிலந்திக் குணத்துக்கு உலகப் புகழ் தேடித் தந்தவர். 2020ல் அவர் கொடுத்த வேறு பல தரவுகளில் ஒரே எண்கள் திரும்பத் திரும்ப வருவது வெளியே தெரிந்தது. கட்டுரைகள் வரிசையாகத் திரும்பப் பெறப்பட்டன. 2022ல் அவர் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக வேலையை விட்டு விலகினார். அதை முதலில் உரக்கச் சொன்னவர்களில் ஒருவர், அவரோடு சேர்ந்து எழுதிய கேட் லாஸ்கோவ்ஸ்கி. தன் பெயர் போட்ட கட்டுரைகளைத் தானே வாபஸ் வாங்கினார். சிலந்திக்குக் குணம் இருக்கிறது என்ற செய்தியில் நமக்கெல்லாம் ஒரு ஆசை இருக்கிறது. அதனாலேயே இரண்டு தடவை எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இப்போது பையனிடம் வருகிறேன். தம்பி, நீ ஒரு தடவைகூட எண்ணவில்லை. உன்னிடம் இருப்பது ஒரே ஒரு சிலந்தி. ரோஸி செய்வதில் எது அவள் இனத்தின் பழக்கம், எது வயதின் கோளாறு, எது அவளுடையது என்று பிரிக்க, பக்கத்தில் நிறுத்திப் பார்க்க இன்னொன்று இல்லை. சிலி டாரன்டுலாக்கள் மாதக் கணக்கில் சாப்பிடாமல் இருப்பதில் பேர் வாங்கியவை. தோல் உரிப்பதற்கு முன்னால் எல்லா டாரன்டுலாவும் பட்டினி கிடக்கும். அதற்கும் கோயமுத்தூர் கல்யாணத்துக்கும் சம்பந்தமில்லை. எட்டுக் கண் இருந்தும் பார்வை ரொம்ப சுமார். உன் முகம் அதற்கு ஒரு நிழல். உலகத்தைக் காலாலும் ரோமத்தாலும் அதிர்வாகத்தான் வாங்கிக்கொள்கிறது. நீ மூடியை மெதுவாகத் திறக்கிறாய். உன் நண்பர்கள் தொட்டியைத் தட்டுகிறார்கள். தட்டினால் உதைக்கிறது. ஆணாக இருந்தால் இன்னும் வேடிக்கை. வயதுக்கு வந்ததும் ஜோடி தேடித் தொட்டி முழுக்க அலைவான், கொஞ்ச காலத்தில் செத்தும் போவான். வளர்க்கிறவர்கள் 'டென்ஷனா இருக்கான்' என்பார்கள்.

சரி, ஒரு பையன் சிலந்தியைக் கொஞ்சிவிட்டுப் போகட்டுமே, உங்களுக்கென்ன சார் என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் 'ஒவ்வொன்றும் ஒரு தனி கேரக்டர்' என்பதுதான் இந்த வியாபாரத்தின் முதல் வசனம். இது சாது, அது முரடு, இன்னொன்று வெட்கப்படும். கேட்டால் ஒன்றோடு யாருக்கு நிற்கும்? 2021 ஜூலையில் சென்னையில் சுங்கத்துறை ஒரு தபால் பார்சலைப் பிரித்தது. போலந்திலிருந்து தென் மாவட்ட முகவரி ஒன்றுக்கு வந்தது. தெர்மாகோல் பெட்டிக்குள் வெள்ளித்தாளும் பஞ்சும் சுற்றிய சின்னச் சின்ன பிளாஸ்டிக் குப்பிகள். குப்பிக்கு ஒன்றாக 107 உயிருள்ள சிலந்திகள். இறக்குமதி உரிமம் இல்லை, சுகாதாரச் சான்று இல்லை. மறுபடி போலந்துக்கே திருப்பி அனுப்ப ஏற்பாடாயிற்று. 107 தனி கேரக்டர்கள், போக வர விமானத்தில், பஞ்சுக்குள்.

இது வருகிற வழி. போகிற வழியும் உண்டு. ஆந்திராவில் சென்னை - மும்பை ரயில் பாதையில் கூட்டி என்று ஒரு ஜங்ஷன். அங்கே ரயில்வே மரக்கிடங்கில் அகப்பட்ட நீல நிறச் சிலந்தியைப் போகாக் என்ற வெள்ளைக்காரர் 1899ல் பதிவு செய்தார். பிறகு நூறு வருஷம் ஆள் பார்க்கவில்லை. கடைசியில் நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் நடுவே ஒரு காட்டில் இருப்பது தெரிந்தது. நூறு சதுர கிலோமீட்டருக்கும் குறைவான, மரம் வெட்டித் தேய்ந்த காடு. அந்தச் சிலந்தி இன்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தொட்டி தொட்டியாக இருக்கிறது. 'நாங்களே குஞ்சு பொரிக்க வைக்கிறோம்' என்பார்கள். பொரிக்கிறார்கள்தான். முதல் ஜோடி எங்கேயிருந்து போயிற்று?

நம் ராமேஸ்வரத்திலும் ஒன்று இருக்கிறது. ஹனுமவிலாசம் கோயில் தோப்பில் கண்டெடுத்ததால் கோயில் பெயரையே அறிவியல் பெயரில் சேர்த்து 2004ல் விவரித்தார்கள். மரப்பொந்தில் குடும்பம் நடத்துகிற ஜாதி. மரம் போனால் வீடு போச்சு. இரண்டுமே மிக ஆபத்தான நிலையில் உள்ளவை என்று உலகப் பட்டியலில் இருக்கின்றன. 2019 ஜெனீவா மாநாட்டில் அந்தப் பேரினம் முழுவதையும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தார்கள். கட்டுப்பாடு வந்தால் விலை ஏறும் என்பது வியாபாரிக்குத் தெரியாதா என்ன?

நான் கேட்பது ஒன்றுதான். அது தனிக்குணம் உள்ள உயிர் என்று நீங்கள் நிஜமாகவே நம்பினால், அதைக் குப்பியில் அடைத்து விற்கிறவனிடம் எப்படி விலை பேசினீர்கள்?

தனிச் சிலந்தியை அறிவதற்கு வேறு வழி இருக்கிறது. மேற்கு ஆஸ்திரேலியாவில் பார்பரா யார்க் மெயின் என்ற அம்மையார், மண்ணில் வளை தோண்டிக் கதவு வைத்து வாழும் சிலந்திகளை 1974லிருந்து கவனித்தார். டாரன்டுலாவுக்கு உறவுக்காரச் சிலந்திகள். வளைக்கு வளை எண் எழுதிய தகடு. கொஞ்சல் பெயர் கிடையாது. பதினாறாம் எண் சிலந்தி அதே வளையில் 43 வயது வரை வாழ்ந்தது. அம்மையார் வருஷா வருஷம் போய்ப் பார்த்தார். 2016ல் கதவில் குளவி துளைத்த ஓட்டை இருந்தது, சிலந்தி இல்லை. நாற்பது வருஷத்துக்கு மேல் ஒரு சிலந்தியைத் தெரிந்து வைத்திருந்தவர், அதை வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை.

ரோஸியை வாங்கியபோது பேப்பர் ஏதாவது கொடுத்தார்களா என்று பையனிடம் கேட்டேன். "எந்த பேப்பர் அங்கிள்?" என்றான்.

ஒரு மாசம் கழித்து லிஃப்டில் பார்த்தேன். முகமெல்லாம் சிரிப்பு. "அங்கிள், சாப்பிட ஆரம்பிச்சுட்டா. கோபம் போயிடுச்சு!"

"தோல் உரிச்சுதா?"

"ஆமா. உங்களுக்கு எப்படித் தெரியும்?"