எடைக்குப் போடாதீர்கள், பள்ளிக்குக் கொடுங்கள்!

கருத்து மேடை (பதினோராம் வகுப்பு மாணவன் எழுதுவது)



போன இதழுக்கு "என் பொழுதுபோக்கு" என்று நாலு வரி எழுதித் தரச் சொன்னார்கள். தபால்தலை, நாணயம், கிரிக்கெட், ஓவியம் என்று வந்தது. நான் "பழைய என்ஜின் பிரிப்பது" என்று எழுதிக் கொடுத்தேன். வகுப்பே சிரித்தது. "டேய், அது பொழுதுபோக்கு இல்லடா, மெக்கானிக் வேலை" என்றான் பக்கத்து பெஞ்சு நண்பன். அந்தச் சிரிப்புக்குப் பதில்தான் இந்தக் கட்டுரை. கூடவே ஒரு வேண்டுகோளும் இருக்கிறது. கடைசி வரைக்கும் படிங்க.

என் தாய்மாமாவுக்கு சித்தூர் ரோட்டில் லாரி ஷெட். நகரி, புத்தூர் பக்கத்திலிருந்து வரும் லாரிகள்தான் அதிகம். அதனால் மாமா வாயில் பாதி தமிழ், பாதி தெலுங்கு. ஸ்பேனரை "பானா" என்றுதான் கேட்பார். ஆறாவது படிக்கும்போது "பதினாலு பானா எடுடா" என்றார், நான் பானையைத் தேடினேன். இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமையும் லீவிலும் அங்கேதான் இருப்பேன். சம்பளம் கிடையாது, டீயும் பன்னும் உண்டு. எனக்குப் பிடித்த வேலை ஒன்றைச் சொல்கிறேன். ஒரு லாரி "தட தட" என்று நொண்டிக்கொண்டு வருகிறது. ஆறு சிலிண்டரில் எது வேலை செய்யவில்லை? கம்ப்யூட்டரும் கிடையாது, மீட்டரும் கிடையாது. என்ஜினை ஓட விட்டு, டீசல் போகும் நாசில் பைப்பின் நட்டை ஒவ்வொன்றாக லேசாகத் தளர்த்துவார் மாமா. தளர்த்தினால் அந்த சிலிண்டருக்கு டீசல் அழுத்தத்தோடு போகாது, அது நின்றுவிடும். சத்தம் இறங்கினால் அதுவரை அது ஒழுங்காக வேலை செய்தது என்று அர்த்தம். தளர்த்தியும் சத்தம் மாறவில்லையா? அதுதான் கெட்டுப்போன சிலிண்டர்! வேலை செய்கிறவனை நிறுத்திப் பார்த்து, சும்மா இருக்கிறவனைக் கண்டுபிடிக்கிறது. நம்ம வகுப்பிலும் இப்படி ஒரு சோதனை வைத்தால் சிலர் மாட்டுவார்கள்! (என் தங்கைக்கு என்னைவிடக் காது கூர்மை. எட்டாவது படிக்கிறாள். இரண்டு முறை எனக்கு முன்னாலேயே சொல்லிவிட்டாள். எழுத மனசு வரவில்லை, இருந்தாலும் உண்மை உண்மைதானே.)

சரி, இது பொழுதுபோக்கா, வேலையா? போன வருஷம் சென்னையிலிருந்து ஒரு பெரியவர் ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். 1961 முதல் சென்னைக்குப் பக்கத்திலேயே தயாரான கார் அது. பானெட்டைத் தூக்கினால் காரின் முகமே மட்கார்டோடு சேர்ந்து முன்னால் சாய்ந்துவிடும். முன் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். எவ்வளவு நல்ல யோசனை பாருங்கள்! இப்போது வரும் கார்களில் கை விரலை நுழைக்கவே இடம் இல்லை.

அந்தப் பெரியவர் ரிடையர்டு ஆனவர், வெள்ளைச் சட்டை. மாமா வேலை முடித்துக் கொடுப்பார், இவர் காசு கொடுப்பார் என்று நினைத்தேன். அவரோ சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, பனியனோடு வந்து, "வால்வு கேப் வைக்கிறது எப்படின்னு எனக்குக் காட்டுங்க மேஸ்திரி" என்றார். ஃபில்லர் கேஜை வைத்து மூணு நாள் கற்றுக்கொண்டார். கையெல்லாம் கிரீஸ், முகமெல்லாம் சிரிப்பு. அவருக்கு அது பொழுதுபோக்கு. மாமாவுக்கு அது பிழைப்பு. கை செய்தது ஒரே வேலைதான்!

வேறொருவரும் வந்தார். பழைய ஜீப்பை விட்டுவிட்டு நாலு மாசம் கழித்து வந்து எடுத்துப் போனார். அந்த ஜீப் ஒரு கண்காட்சியில் பரிசு வாங்கி, பேப்பரில் படம் வந்தது. உரிமையாளர் பேர் இருந்தது, ஜீப் வருஷம் இருந்தது, மாமா பேர் இல்லை. மாமா அந்தப் படத்தை வெட்டி ஷெட் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார். எனக்குத்தான் கோபம். பணம் கொடுத்து வாங்கி நிறுத்தி வைப்பவர் உரிமையாளர், அவ்வளவுதான். தானே நட்டைக் கழற்றுகிறவரைத்தான் நான் பழைய வண்டிக்காரர் என்று ஒத்துக்கொள்வேன்.

பொழுதுபோக்காகப் பிரித்துப் பார்ப்பதால் என்ன பயன் என்கிறீர்களா? கோவை ஜி.டி.நாயுடுவைத் தெரியும் அல்லவா? 1893ல் பிறந்தவர், பள்ளிப் படிப்பை மூன்றாம் வகுப்போடு விட்டவர் என்பார்கள். ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஓட்டி வந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்து ஆசைப்பட்டு, ஓட்டலில் வேலை செய்து காசு சேர்த்து, அதே வண்டியை வாங்கினார். வாங்கியதும் செய்த முதல் வேலை, அதை அக்கக்காகப் பிரித்து மாட்டியது! 1920ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ் விட்டார். 1937ல் அவருடைய கம்பெனியில் இந்தியாவிலேயே மின்சார மோட்டார் செய்தார்கள். கோவை அவினாசி ரோட்டில் அவர் குடும்பத்தார் நடத்தும் கார் அருங்காட்சியகம் இருக்கிறது. நான் இன்னும் பார்க்கவில்லை. அடுத்த சுற்றுலாவுக்கு அங்கே போகலாமே!

அமெரிக்காவில் "ஹாட் ராட்" என்று ஒரு பைத்தியம் உண்டு. 1930களில் கலிபோர்னியா பையன்கள் பழைய ஃபோர்டு கார்களைக் குறைந்த விலைக்கு வாங்கி, மட்கார்டை எல்லாம் கழற்றிப் போட்டு, 1932ல் வந்த ஃபோர்டு வி8 மாதிரி பெரிய என்ஜினை மாட்டி, வறண்ட ஏரிப் படுகைகளில் பந்தயம் விட்டார்கள். நம்ம ஊரில் அப்படிச் செய்தால் போலீஸ் பிடிக்கும். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த வண்டியை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை உறுதியாகச் சொல்லிவிட்டது. பழைய வண்டியை அப்படியே பாதுகாக்கலாம் என்றால் அதற்கு 2021ல் தனி விதி வந்திருக்கிறது. 50 வருஷத்துக்கு மேற்பட்ட கார், பைக்குக்கு "விஏ" என்று தனி எழுத்தோடு நம்பர் தருவார்கள். பதிவுக் கட்டணம் மட்டும் 20,000 ரூபாய்! தினசரி ஓட்டவும் முடியாது. நம்ம மாதிரிப் பசங்க எங்கே போவது?

அதற்குத்தான் நான் ஒரு வழி சொல்கிறேன். ரோட்டுக்கே போகாத என்ஜினுக்கு எந்த நம்பரும் வேண்டாம், எந்த ஆர்டிஓவும் வேண்டாம்.

மாமா ஷெட்டின் பின்பக்கம் தகரத்துக்குக் கீழே ஒரு பெர்க்கின்ஸ் பி6 டீசல் என்ஜின் கிடக்கிறது. 6 சிலிண்டர். சென்னை சிம்சன் கம்பெனி தயாரித்தது. 1840ல் குதிரை வண்டி செய்யத் தொடங்கிய கம்பெனி அது. 1903லேயே அங்கே நீராவிக் கார் செய்தார்களாம்! அந்தக் காலத்தில் லாரிகளில் பெட்ரோல் என்ஜினைக் கழற்றிவிட்டு இந்த டீசல் என்ஜினை மாட்டுவார்கள். யோசித்தால் அதுவும் ஒரு ஹாட் ராட்தான். அவர்கள் வேகத்துக்காக மாற்றினார்கள், நம்மவர்கள் எண்ணெய்ச் செலவுக்காக மாற்றினார்கள். இந்த என்ஜின் லாரியில் உழைத்து, பிறகு ஒரு கரும்பு ஆலையாட்டியிடம் உழைத்து, இப்போது சும்மா கிடக்கிறது.

பழைய இரும்புக்காரர் கிலோ 30 ரூபாய்க்குக் கேட்டுவிட்டார். 400 கிலோவுக்குக் குறையாது என்கிறார் மாமா. அப்படியென்றால் 12,000 ரூபாய். ஆயுத பூஜைக்கு ஷெட்டைக் கழுவி வெள்ளையடிக்க வேண்டும், அதற்குள் இடம் காலியாக வேண்டும். புது வண்டி வாங்கினால் மலைக்குக் கொண்டுபோய் எலுமிச்சம்பழம் வைத்துப் பூஜை போடுகிறோம். ஐம்பது வருஷம் உழைத்ததைத் தராசில் ஏற்றுகிறோம்.

"பள்ளிக்குக் கொடுப்பீங்களா மாமா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "நான் எட்டாவதோட நின்னேன். ஹெட்மாஸ்டர் வேணும்னு சொன்னா எடுத்துக்கோங்க, காசு வேண்டாம்" என்றார். 12,000 ரூபாய் மாமாவுக்குச் சின்னப் பணம் இல்லை என்பது எனக்குத் தெரியும். அத்தைக்கும் தெரியும். அத்தை இன்னும் என்னிடம் சரியாகப் பேசவில்லை.

ஆசிரியர் ஒருவரிடம் சொன்னபோது, "எண்ணெய்ப் பிசுக்கு ஆகும், பசங்க கையை நசுக்கிக்குவாங்க, இனிமே எல்லாம் மின்சார வண்டிதானே" என்றார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இந்த என்ஜின் கக்கும் கரும்புகையை நானே பார்த்திருக்கிறேன், அது மறுபடி ரோட்டில் ஓட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஸ்டார்ட் பண்ணவே வேண்டாம். எண்ணெயை வடித்து, டீசலில் கழுவி, ஸ்டாண்டில் ஏற்றி, ஹெட்டைத் திறந்து வைப்போம். கையால் சுற்றினால் பிஸ்டன் ஏறி இறங்குவதும், 1-5-3-6-2-4 என்ற வரிசையும் கண்ணுக்குத் தெரியும். வெப்ப எந்திரம் பாடத்தில் கட்டம் கட்டமாகப் படம் வரைந்து மனப்பாடம் செய்கிறோம். டீசல் என்ஜினில் தீப்பொறி பிளக்கே இல்லை, சுமார் 16 பங்கு காற்றை 1 பங்காக நசுக்கும்போது வெப்பம் 500 டிகிரியைத் தாண்டி டீசல் தானே பற்றிக்கொள்கிறது என்று படித்தேன், மார்க்கும் வாங்கினேன். ஆனால் பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது எவ்வளவு சின்ன இடம் மிச்சம் இருக்கிறது என்று பார்த்த அன்றுதான் எனக்குப் புரிந்தது. மின்சார வண்டியிலும் பேரிங் இருக்கும், கியர் இருக்கும், நட்டு இருக்கும். முறுக்கத் தெரிந்த கை வேண்டாமா?

இடமும் பார்த்து வைத்துவிட்டேன். ஆய்வகத்துக்குப் பின்னால் உடைந்த பெஞ்சுகள் போட்டிருக்கும் தாழ்வாரம். பெஞ்சுகளை நாங்களே அடுக்கித் தருகிறோம். பேர் கொடுத்தவர்கள் இதுவரை 9 பேர், அதில் போன மாதம் சிரித்த பக்கத்து பெஞ்சு நண்பனும் ஒருவன். சனிக்கிழமை மதியம் மாமா வந்து கற்றுத் தருவார். ஸ்டாண்டு வெல்டிங் செலவுக்கு மட்டும் பணம் திரட்ட வேண்டும்.

இரும்புக்காரர் வண்டி வருவது ஆயுத பூஜைக்கு முந்தின ஞாயிறு. தலைமையாசிரியர் அய்யா அதற்கு முன் வெள்ளிக்கிழமைக்குள் சரி என்று சொன்னால் போதும். குட்டி யானைக்கும் செயின் பிளாக்குக்கும் மாமா ஆள் சொல்லி வைத்திருக்கிறார். பேர் கொடுக்க விரும்புகிறவர்கள் இந்தத் தாளின் கீழே பென்சிலால் எழுதவும். தங்கை பேரை நான் ஏற்கெனவே எழுதிவிட்டேன்.