கிராஸ்மனையும் மார்கோவையும் படிப்போம்

1961 பிப்ரவரியில் சோவியத் எழுத்தாளர் வசீலி கிராஸ்மனின் மாஸ்கோ வீட்டுக்கு வந்த கேஜிபி அதிகாரிகள், ‘வாழ்வும் விதியும்’ நாவலின் கையெழுத்துப் பிரதியோடு கார்பன் தாள்களையும் தட்டச்சு நாடாக்களையும்கூட அள்ளிச் சென்றார்கள். நூலை அச்சில் பார்க்காமலே 1964-இல் அவர் இறந்தார். நண்பர்கள் ஒளித்துவைத்த பிரதியால் அது 1980-இல் சுவிட்சர்லாந்தில் வெளியானது. நாட்டைவிட்டு வெளியேறிய பல்கேரிய எழுத்தாளர் கியோர்கி மார்கோவ், அந்நாட்டுக் கம்யூனிஸ்ட் தலைவர் ஷிவ்கோவின் ஆட்சியில் மக்கள் வாழ்ந்த வாழ்க்கையை வானொலியில் விவரித்தார். 1978-இல் லண்டனில் ரிசின் நஞ்சு செலுத்திக் கொல்லப்பட்டார். இன்றுவரை யாரும் தண்டிக்கப்படவில்லை. உழைப்பவர் பெயரால் ஆண்டவர்கள், உழைப்பவர் வாழ்வை உள்ளபடி எழுதியவர்களையே பகைவராக்கினார்கள். சமத்துவத்தை மனதார விரும்புகிறவர்கள்தாம் இவர்களை முதலில் படிக்க வேண்டும். அந்தப் பெருங்கனவு எங்கே தடம் புரண்டது என்பதை உள்ளிருந்து பார்த்து, விலை கொடுத்துச் சொன்னவர்கள் இவர்கள்.