தாத்தாவின் பாதத்தைப் பார்த்தீர்களா?

குட்டீஸ்! பவுர்ணமி அன்று திருவண்ணாமலைக்குப் போயிருக்கிறீர்களா? லட்சக்கணக்கான மக்கள், மலையைச் சுற்றி 14 கி.மீ., தூரம் கிரிவலம் வருவார்கள். பெரும்பாலோர் காலில் செருப்பு இருக்காது.

வழியில் முள் குத்தினால், 'ஆ' என்று நீங்கள் கத்தி விடுவீர்கள். ஆனால், பல ஆண்டுகளாக சர்க்கரை நோய் உள்ள சில தாத்தா, பாட்டிகளுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்து விடும். முள் குத்தியதே தெரியாது! சில நாட்களில் கிருமி பெருகி, புண் சீழ் பிடிக்கும். அப்படியே விட்டால், விரலையோ, காலையோ எடுக்க வேண்டிய நிலை கூட வரலாம்.

கிருமி புகுந்ததை முன்கூட்டியே காட்டிக் கொடுக்க, புத்திசாலிக் கட்டுகளை விஞ்ஞானிகள் உருவாக்கி வருகின்றனர். இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் டோபி ஜென்கின்ஸ் குழுவினர், 2015ல் இப்படி ஒரு மாதிரிக் கட்டை அறிவித்தனர். அதில் கண்ணுக்குத் தெரியாத குட்டிக் குட்டிப் பைகள், உள்ளே சாயம். நோய்க் கிருமி விடும் நஞ்சு பட்டதும் பை உடையும். சாயம் வெளியே வந்து, புற ஊதா விளக்கில் பச்சையாக ஒளிரும்!

இன்னொரு வகைக் கட்டு, நிறம் மாறும். கிருமி பெருகிய புண்ணில், பெரும்பாலும் காரத்தன்மை கூடும். மஞ்சள் கறை பட்ட சட்டையில் சோப்புப் போட்டதும் சிவப்பாகிறதே, ஏன்? சோப்பில் உள்ள காரம் தான் காரணம். அதே தந்திரம் தான் இதுவும்.

கட்டைப் பிரிக்காமலே விஷயம் தெரிந்து விடும். தேவை இல்லாமல் மருந்து கொடுப்பதும் குறையும். நல்லது தானே? ஆனால், பெரிய ஆஸ்பத்திரியோடு இது நின்று விடக் கூடாது. விலை குறைந்து, கிரிவலப் பாதை முதலுதவி முகாமுக்கும், கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் வர வேண்டும். அப்போது தான் முழுப் பயன்.

அப்படியே வந்தாலும் ஒரு சிக்கல் இருக்கிறது. கட்டுப் போட்ட புண்ணைத் தான் கட்டு காட்டிக் கொடுக்கும். வலியே தெரியாத புண்ணுக்கு யார் கட்டுப் போடுவார்? அதை முதலில் பார்க்க, இரண்டு கண்கள் வேண்டும். அவை உங்கள் கண்களாக இருக்கட்டுமே!

வீட்டில் சர்க்கரை நோய் உள்ள தாத்தா, பாட்டி இருந்தால், தினமும் அவர்கள் உள்ளங்காலையும், விரல் இடுக்கையும் பாருங்கள். கீறல், கொப்புளம், சிவப்பு, வீக்கம், நாற்றம் இருந்தால் அப்பா, அம்மாவிடம் சொல்லி, அன்றே டாக்டரிடம் அழைத்துப் போகச் சொல்லுங்கள். காப்பித் தூள், சுண்ணாம்பு வைக்க விடாதீர்கள்.

கிரிவலம் கிளம்பும் முன், டாக்டரிடம் கேட்டுக் கொள்வது நல்லது. நடக்க முடியாதவர்கள் ஆட்டோவில் மலையைச் சுற்றி வருவதும் உண்டு. அதனால் பக்தி குறைந்து விடாது!

இன்று இரவு படுக்கப் போகும் முன், தாத்தாவின் பாதத்தைப் பார்ப்பீர்களா?