மிதவையை இறக்கும் அந்தச் சில மணி நேரம்

வங்கக் கடலில் புயல் திரளும்போது காற்றையும் அலையையும் அங்கிருந்தே அளந்து சொல்பவை மஞ்சள் நிற மிதவைகள். சென்னை பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் 1990களின் பிற்பகுதியிலிருந்து இவற்றைக் கடலில் நிறுத்தி வருகிறது. புயலை இவை தாங்குமா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். கடலில் இறக்கிய நாளைத் தாங்கினவா என்று யாரும் கேட்பதில்லை.

3,000 மீட்டர் ஆழமுள்ள கடலில் மிதவைதான் முதலில் இறங்கும். கப்பல் மெல்ல நகர நகர, எஃகு வடமும் நைலான் கயிறும் பின்னால் நீளும். டன் கணக்கில் எடையுள்ள நங்கூரத்தைக் கடைசியில் விடுவார்கள். அது மூழ்கத் தொடங்கியதும், கடல்பரப்பில் நீண்டு கிடந்த வடம் முழுவதும் இழுபடும். மிதவை நீரைக் கிழித்துக்கொண்டு நங்கூரம் விழுந்த திசையில் ஓடும். நங்கூரம் தரை தட்டியதும் இழுவிசை சட்டென்று குறையும். அந்தத் தளர்ச்சியில் எஃகு வடம் சுருண்டு, பிறகு இறுகினால், மடிந்த இடத்தில் இழைகள் நசுங்கும். அலைகள் மாதக்கணக்கில் இழுத்து இழுத்து, ஒருநாள் வடத்தை அங்கேயே அறுத்துவிடும்.

ஆகவே இறக்கும் ஒவ்வொரு முறையும் இழுவிசையை அளந்து பதிவுசெய்ய வேண்டும். வடத்தையும் கயிற்றையும் இணைக்கும் ஷேக்கிள் தேய்ந்திருந்தால் அதை மறுபடி பூட்டக் கூடாது. முக்கியமாக, கடல் கொந்தளிக்கும் நாளில் வேலையை நிறுத்தும் அதிகாரம் கப்பலின் பின்தளத்தில் நிற்பவர்களிடம் இருக்க வேண்டும். அப்படிக் காத்திருக்கும் நாள்களுக்கான கப்பல் செலவையும் திட்ட நிதியிலேயே ஒதுக்க வேண்டும்.