மாப்பிள்ளைக்கு நான் வாங்கிக் கொடுத்த கால்சியம் மாத்திரை



என் தங்கை வீட்டுக்காரர் சில வருடங்களாக வாரம் மூன்று நாள் கொடைரோட்டிலிருந்து திண்டுக்கல்லுக்கு பஸ் ஏறிப் போய் டயாலிசிஸ் செய்துகொள்கிறார். போன வருடம் அவருக்குத் தோள்பட்டையில் ஒரு கட்டி வந்தது. தொட்டால் கல் மாதிரி இருந்தது. கையைத் தூக்கிச் சட்டை போட முடியவில்லை. "எலும்பில் சத்து குறைஞ்சிருக்கும் மாப்பிள்ளை" என்று சொல்லி, மருந்துக் கடையில் கால்சியம் மாத்திரை வாங்கிக் கொடுத்தவன் நான்தான். டாக்டரிடம் கேட்கவில்லை.

பிறகு எக்ஸ்ரே எடுத்தார்கள். கட்டி வெள்ளையாகத் தெரிந்தது. அத்தனையும் சுண்ணாம்பு. குறைந்ததால் வந்ததல்ல, சேரக்கூடாத இடத்தில் சேர்ந்ததால் வந்தது.

நல்ல சிறுநீரகம், சாப்பாட்டில் வரும் பாஸ்பரஸில் மிச்சத்தைச் சிறுநீரில் வெளியேற்றிவிடும். அது செயலிழந்தால் பாஸ்பரஸ் ரத்தத்தில் தேங்கும். நான்கு மணி நேர டயாலிசிஸ் ஒரு பகுதியைத்தான் எடுக்கும். மீதி, கால்சியத்தோடு சேர்ந்து மூட்டைச் சுற்றியும் தோலுக்கடியிலும் ரத்தக்குழாய்ச் சுவரிலும் படியும். உப்புத் தண்ணீர் காய்ச்சும் அண்டாவில் வெள்ளையாகப் படிகிறதே, அது மாதிரி. மூட்டில் படிந்தால் வலிக்கும், தெரியும். இதயத்து ரத்தக்குழாயில் படிந்தால் சத்தமே இல்லாமல் உயிருக்கு உலை வைக்கும்.

உப்பைக் குறை, தண்ணீரைக் குறை என்று எல்லோரும் சொல்கிறோம். பாஸ்பரஸைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. பருப்பில் இருப்பதில் பாதிகூட உடம்பில் சேராது. பாக்கெட் தீனியிலும் கோலாவிலும் கலக்கும் பாஸ்பேட் ஏறக்குறைய முழுவதும் சேரும். பாக்கெட்டின் பின்புறம் 338 முதல் 343 வரை, 450 முதல் 452 வரை எண் இருந்தால் அது பாஸ்பேட். எத்தனை மில்லிகிராம் என்று மட்டும் இருக்காது. சர்க்கரை, சோடியம் அளவைப் போடுவது கட்டாயம், பாஸ்பரஸுக்கு இல்லை. அதையும் கட்டாயமாக்க வேண்டும் என்பது என் கருத்து. கிராமத்தில் யார் படிப்பார்கள் என்று கேட்காதீர்கள். படிக்கத் தெரிந்த பேரப்பிள்ளை வீட்டுக்கு ஒருவர் உண்டு.

டயாலிசிஸ் செய்பவர் உங்கள் வீட்டில் இருந்தால், ரத்தப் பரிசோதனைச் சீட்டில் பாஸ்பரஸ் எவ்வளவு என்று பாருங்கள். சாதாரணமாக 2.5 முதல் 4.5 வரை இருக்க வேண்டும். பாஸ்பரஸைக் கட்டுப்படுத்தத் தரும் மாத்திரையைச் சாப்பாட்டோடு போட வேண்டும். இரண்டு மணி நேரம் கழித்துப் போட்டால் பயனில்லை. டயாலிசிஸை ஒரு நாளும் தவறவிடாதீர்கள். கால்சியமும் வைட்டமின் டியும் டாக்டர் சொல்லாமல் வேண்டாம். டாக்டர் தந்திருந்தால் நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

இப்போது கட்டி கொஞ்சம் வற்றியிருக்கிறது. ஆனாலும் கை முழுதாக உயரவில்லை. மாப்பிள்ளை என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

உங்கள் பழைய வாத்தியார்,
கொடைரோடு.