தம்பி தனிக்கடை போட்டிருந்தால்..?

குடும்பத்தில் அண்ணன் ஒரு துறையில் பெயர் வாங்கிவிட்டால் தம்பி அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கக் கூடாது என்பது என் கட்சி. எங்கே போனாலும், "ஓ... நீங்க அவரோட தம்பியா?" என்பார்கள். அப்பா, அம்மா ஆசையாக வைத்த பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் என்றாகிவிடும்.

ஆபீஸில் இப்படி ஆனால் ஒரு இன்க்ரிமென்ட்டோடு போகும். கனடாவில் கால்கரி என்ற ஊரில் ஒரு குடும்பத்துக்கு அப்படி முடியவில்லை.

ஸ்டூ ஹார்ட் என்று ஒரு பெரியவர். பழைய பயில்வான். 'ஸ்டாம்பீட் ரெஸ்லிங்' என்று சொந்தமாக மல்யுத்தக் கம்பெனி நடத்தியவர். பிள்ளைகள் 12 பேர். எட்டு பையன், நாலு பெண். வீட்டுக்கு அடியில் பாதாள அறை. அதற்குப் பெயர் 'டன்ஜன்'. அதாவது, ஜெயில்! அங்கேதான் பயிற்சி. எட்டுப் பையன்களும் மல்யுத்தத்துக்கு வந்தார்கள். நாலு பெண்களும் கட்டிக்கொண்டதும் மல்யுத்தக்காரர்களைத்தான். நல்லவேளை, அந்த ஊரில் தலைதீபாவளி கிடையாது. மாமனார் எண்ணெய் தேய்த்து விடுகிறேன் என்று பிடித்திருந்தால் மாப்பிள்ளை பொங்கலுக்குத்தான் எழுந்திருப்பார்.

இதில் பிரெட் ஹார்ட் 1957-ல் பிறந்தவர். டிரம்ப் கார்டு ஆடி வாத்தியாரிடம் குட்டு வாங்கிய தலைமுறைக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பிங்க், கறுப்பு டிரஸ், கூலிங் கிளாஸ். ஓவன் 1965. வீட்டின் கடைக்குட்டி.

ஓவனுக்கு மல்யுத்தத்தின் மேல் முதல் ஆசை இல்லை. வேறு பிழைப்புக்குப் பலமுறை முயற்சி செய்தார், ஒன்றும் சரியாக அமையவில்லை என்று அவர் மனைவி மார்த்தா பிற்பாடு புத்தகமே எழுதினார். நம்ம முதல் 'இருந்தால்' இங்கேயே வருகிறது. கால்கரியில் ஏதோ ஒரு ஆபீஸில் ஒரு நாற்காலி காலியாக இருந்திருந்தால்? காலை ஒன்பது மணிக்குக் கையெழுத்து, மதியம் சாப்பாட்டு டப்பா, மாதக் கடைசியில் கைமாற்று. நாம் தினம் திட்டுகிற வாழ்க்கைதான். அதுகூட அந்த மனிதனுக்குக் கிடைக்கவில்லை.

அண்ணன் இருந்த டபிள்யூ.டபிள்யூ.எஃப்.புக்கே வந்தார். முகமூடி மாட்டி 'புளூ பிளேசர்' என்று பெயர். பிறகு 1994-ல், 'அண்ணன் நிழலில் எத்தனை நாள் இருப்பது?' என்று தம்பி பொருமுவதாக ஒரு கதை எழுதினார்கள். ஜனவரியில் அண்ணன் காலை உதைத்தார். மார்ச் 20-ல் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ரெஸில்மேனியா. முதல் ஆட்டத்திலேயே அண்ணனைத் தோற்கடித்தார் தம்பி. சூழ்ச்சி இல்லை, நாற்காலி அடி இல்லை, சுத்தமான ஜெயிப்பு. ஆனால் அதே ராத்திரி கடைசி ஆட்டத்தில் யோகோசூனாவை வீழ்த்தி அண்ணன் சாம்பியன். எல்லோரும் பிரெட்டைத் தூக்கிக் கொண்டாட, ஓவன் ஓரமாக வந்து நின்று முறைத்தார் பாருங்கள்... நடிப்புதான். எல்லாம் எழுதி வைத்ததுதான். ஆனாலும் உலகத்தில் உள்ள அத்தனை தம்பிகளுக்கும் வயிற்றில் ஏதோ செய்திருக்கும்.

இந்தத் தொழிலே விசித்திரம் சார். அண்டர்டேக்கரும் கேனும் அண்ணன் தம்பி என்றார்கள். ரத்த சம்பந்தமே கிடையாது. (கேன் 2018-ல் அமெரிக்காவில் ஒரு கவுண்ட்டிக்கு மேயரே ஆகிவிட்டார்.) ரேண்டி சாவேஜும் லேனி போஃபோவும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். அதை மூச்சுவிடவில்லை. தம்பி கவிதை வாசித்துக்கொண்டு தனி ரூட்டில் போனார். அண்ணன் பெயரைச் சொல்லாமலே பிழைத்தார். என்னைக் கேட்டால் அதுதான் நிம்மதி.

ஹார்ட் சகோதரர்கள் நிஜமாகவே பிரிந்தது 1997 நவம்பர் 9-ல். மான்ட்ரியலில் பிரெட்டுக்குத் தெரியாமலே மணி அடித்துத் தோற்றதாக அறிவித்தார் முதலாளி வின்ஸ் மெக்மேன். பிரெட் அவர் முகத்தில் துப்பினார். உள்ளே டிரஸ்ஸிங் ரூமில் ஒரு குத்தும் விட்டார். எதிர்க் கம்பெனி டபிள்யூ.சி.டபிள்யூ.வுக்குப் போய்விட்டார். மச்சான்கள் இருவரும் பின்னாலேயே கிளம்பினார்கள். ஓவனுக்கு மட்டும் ஒப்பந்தம் பாக்கி. இருந்துவிட்டார். கதைக்காகக் கேட்ட தனிக்குடித்தனம், கதை முடிந்த பிறகு நிஜமாகக் கிடைத்தது.

1999 மே 23, ஞாயிற்றுக்கிழமை. கேன்சஸ் சிட்டி கெம்பர் அரீனா. மறுபடி அந்த 'புளூ பிளேசர்' வேஷம். கூரையிலிருந்து கயிற்றில் இறங்கி வந்து ஜனங்களைச் சிரிக்க வைக்க வேண்டும். கொக்கி முன்னதாகவே கழன்றுகொண்டது. சுமார் 78 அடி. வயது 34. அண்ணன் அப்போது ஒரு விமானத்தில் இருந்தார். அரங்கில் நிகழ்ச்சி நிற்காமல் நடந்தது. இதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு ஜீரணமாகவில்லை. வழக்கு 2000-ல் சுமார் 1 கோடியே 80 லட்சம் டாலருக்கு சமரசமானது. நான் பி.காம்.; பற்று, வரவு இரண்டிலும் எழுதிப் பார்த்துவிட்டேன். டேலி ஆகாத கணக்கு.

சரி, நம்ம சரித்திரத்துக்கு வருவோம். 1997-ல் வின்ஸ், "நீயும் போய்க்கோப்பா" என்று ஒப்பந்தத்தைக் கிழித்துக் கொடுத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். எதிர்க் கம்பெனியில் பெரிதாக ஒன்றும் நடந்திருக்காது. பிரெட்டையே என்ன செய்வதென்று தெரியாமல் விழித்தவர்கள், தம்பிக்கு என்ன கிழித்திருப்பார்கள்? மாதக்கணக்கில் சும்மா உட்கார வைத்து செக் அனுப்பியிருப்பார்கள். 2001-ல் அந்தக் கம்பெனியும் போண்டியாகி வின்ஸ் கைக்கே வந்தது. ஓவனுக்கு அப்போது 35, 36 வயது. சாம்பியன் பட்டம் இல்லாமல், "பிரெட்டோட தம்பிதானே?" என்ற கேள்வியோடு ஓய்வு பெற்றிருப்பார்.

போகட்டுமே! அந்த 1999 மே 23 ஞாயிற்றுக்கிழமை அவருக்கு லீவு. கால்கரி வீட்டில் இரண்டு குழந்தைகளோடு இருக்கிறார். குறும்புக்குப் பேர்போன ஆள். போனில் குரலை மாற்றிப் பேசி ஏமாற்றுவதில் கில்லாடி. மத்தியானம் அப்பா ஸ்டூவுக்குப் போன் போடுகிறார்.

"சார், நான் டெலிபோன் ஆபீஸ்லேர்ந்து பேசறேன். உங்க பையன்ல யாரு சார் நல்லா சண்டை போடுவான்?"

கிழவர் பதில் சொல்ல யோசிக்கிறார்.